உடன் இருந்தவர்: மேற்படி

கோமதிநாயகம் கட்டம் போட்ட தாளை நம்புகிற அளவுக்கு மனிதர்களை நம்பியதில்லை. பஸ் டிப்போவில் இருபத்தெட்டு வருஷமாக நேரக்காப்பாளர் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, ஓட்டுநர் யார், நடத்துநர் யார் என்று நாள் முழுக்கக் கட்டங்களை நிரப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கேயும் கம்ப்யூட்டரைத் திறந்து எக்செல்லில் இன்னொரு தாளை நிரப்புவார். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, குழாயில் தண்ணீர் வந்த நேரம், மனைவி உலகம்மைக்குத் தலைவலி வந்த கிழமை, எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு. பிள்ளை இல்லாத வீட்டில் மனுஷன் எதையாவது வளர்க்கத்தானே வேண்டும். அவர் தாள்களை வளர்த்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் உலகம்மைக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. உயிர் தப்பிவிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவளிடம் தங்கவில்லை. கல்யாணம் ஆன நாள் ஞாபகம் இருக்கும், நாத்தனார் சொன்ன சுடுசொல் ஞாபகம் இருக்கும், சொதிக்கு எந்தத் தேங்காய்ப்பாலை எப்போது ஊற்ற வேண்டும் என்று கைக்குத் தெரியும். நேற்று மட்டும் இருக்காது. தூங்கி எழுந்தால் காய்ச்சலுக்கு முந்தின நாளில் போய் நிற்பாள்.

முன்காலமாக இருந்தால் தலையெழுத்து என்று விட்டிருப்பார்கள். இப்போதுதான் பொத்தான் வந்துவிட்டதே. காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், உளுந்து அளவில் ஒன்றை வைத்துத் தைத்துவிடுகிறார்கள். அன்றன்று நடந்ததை வீட்டுக்காரர்கள் ஒரு படிவத்தில் எழுதி ஆஸ்பத்திரியின் தரவுக்கிடங்குக்கு அனுப்ப வேண்டும். விடியும் நேரத்தில் அந்த நோயாளிக்கு உரிய வரிசைகளைப் பொத்தான் எடுத்துக்கொள்ளும். கண் விழிக்கும்போது நேற்று என்று ஒன்று இருக்கும். "நீங்க எலும்பை மட்டும் குடுங்க, சதையை மூளையே போட்டுக்கிடும்" என்றார் டாக்டர். உடன் இருந்தவர் யார் என்ற கட்டத்தில் பெயரை எழுதினால் போதும், முன்பே பதிந்து வைத்த முகமும் குரலும் அதோடு சேர்ந்து போகும்.

கிடங்குக்குப் பூட்டு உண்டு. ஒருவருடைய நினைவு அவருடைய சொத்து என்று சட்டம் வந்துவிட்டதால், பாஸ்வேர்டு நோயாளிக்கு மட்டும்தான் தெரியும். காய்ச்சலுக்கு முந்தின காலத்து வார்த்தை ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், அது மறக்காது என்பதால். மற்றவர்கள் எழுதி உள்ளே போடலாம், திறந்து பார்க்க முடியாது. கோயில் உண்டியல் மாதிரிதான்.

கோமதிநாயகத்துக்கு ஆஸ்பத்திரியின் படிவம் பிடிக்கவில்லை. செல்போனில் ஒவ்வொரு கட்டமாகத் தட்டித் தட்டி எழுத முக்கால் மணி நேரம் ஆனது. அவர் ஏற்கெனவே தன் எக்செல்லில் ஒரு படிவம் செய்து வைத்திருந்தார். அதையே கிடங்கோடு இணைத்துவிட்டால் என்ன என்று பெனிட்டாவைக் கூப்பிட்டார். பாளையங்கோட்டையில் கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் இந்த மாதிரி இணைப்பு வேலை செய்து கொடுக்கிற பெண் அவள்.

"இணைச்சிரலாம் அண்ணாச்சி. அக்கா ஒரு தடவ பாஸ்வேர்டு போடணும். அத வச்சு எழுத மட்டும் ஒரு சாவி எடுத்துத் தாரேன்" என்றாள் பெனிட்டா.

உலகம்மை மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அங்கிட்டுப் பாருங்க" என்று கணவரை விரட்டிவிட்டு, ஒற்றை விரலால் தட்டினாள். கோமதிநாயகம் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தபடி, எத்தனை தட்டு என்று எண்ணினார். ஒன்பது.

அதன் பிறகு வேலை சுளுவாகிவிட்டது. மாலை ஏழு மணிக்குக் காபியோடு உட்கார்ந்தால் பத்தே நிமிஷம். தேதி, இடம், நடந்தது, உடன் இருந்தவர், மனநிலை. ஒரு வாரம் எல்லாக் கட்டத்தையும் ஒழுங்காக நிரப்பினார். அப்புறம் கை பழைய குணத்துக்குப் போய்விட்டது. டிப்போ பதிவேட்டில் அதே ஓட்டுநர் அதே நடத்துநர் என்றால் யார் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதுவார்கள்? "மேற்படி" என்று போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். உலகம்மையோடு எப்போதும் இருக்கிறவர் அவர் ஒருவர்தான். எனவே உடன் இருந்தவர்: மேற்படி. மனநிலை: மேற்படி.

அதற்கு அடுத்த நாள் காலையில்தான் உலகம்மை கேட்டாள்.

"அந்தப் புள்ள எங்க?"

"எந்தப் புள்ள?"

"நேத்து எங்கூட மார்க்கெட்டுக்கு வந்தாளே. முன்பல்லு ரெண்டும் பெருசா, சிரிச்சா கண்ணு காணாமப் போயிருமே, அவ."

கனவு கண்டிருப்பாள் என்று நினைத்தார். மறுநாளும் அந்தச் சிறுமி வந்தாள். அதற்கு மறுநாளும். கோயிலுக்குக் கூட வந்தாள், காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், டாக்டர் வீட்டு நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். உலகம்மை காலையில் இரண்டு இட்லியை எடுத்து மூடி வைக்கத் தொடங்கினாள். அவள் முகத்தில் மூன்று வருஷமாக இல்லாத ஒரு தெளிச்சி வந்திருந்தது. பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

கோமதிநாயகத்துக்கு உறைத்தது வேறு ஒன்று. உலகம்மை சொல்கிற நேற்றுகளில் அவர் இல்லை.

"ஆஸ்பத்திரிக்கு நான்தானட்டி கூட்டிட்டுப் போனேன்" என்றார் ஒரு நாள்.

"நீங்களா? நானும் அந்தப் புள்ளயும்தான் போனோம். நீங்க எங்க வந்தீங்க? உங்களுக்கு டிப்போதான பொண்டாட்டி."

ஆட்டோவில் இடம் பார்த்து உட்காரவைத்து, மூன்று மாடி கைபிடித்து ஏற்றி, மருந்துக் கடையில் முக்கால் மணி நேரம் நின்றவர் அவர். எழுந்து கைகழுவப் போனார். போன இடத்தில் கண் கலங்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கிடங்குக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடத் துடித்தார். பாஸ்வேர்டை ஊகித்துப் பார்த்தார். முதலில் தன் பெயரைப் போட்டார், ஒன்பது தட்டு வருகிற மாதிரி சுருக்கி. தவறு. கல்யாணத் தேதியைப் போட்டார். தவறு. அவளுக்கு முதன்முதலாக வாங்கிக் கொடுத்த தையல் இயந்திரத்தின் பெயரைப் போட்டார். மூன்றாவதும் தவறானதும் பூட்டு இறுகிக்கொண்டு, உலகம்மையின் செல்போனுக்குத் தகவல் போய்விட்டது.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "உங்க பேரையா போட்டுப் பாத்தீங்க? ஆசையப் பாரு!"

வேறு வழியில்லாமல் பெனிட்டாவைக் கூப்பிட்டார். அவள் அரை மணி நேரம் அவருடைய தாளைப் பார்த்தாள். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, இந்த மேற்படிய எப்பலருந்து போடுதீங்க?"

"ரெண்டாவது வாரத்துலருந்து. ஏன், போடக்கூடாதா?"

"ஆபீஸ்ல உள்ளவங்க எல்லாரும் மேற்படி போடுவாங்கன்னு தெரிஞ்சு, அப்படி வந்தா மேல உள்ள வரிசையிலருந்து எடுத்துக்கிடுன்னு கிடங்குல எழுதி வச்சிருக்காங்க. உங்க தாள்ல மேல இருக்கது நீங்க. அங்க போனா எல்லா நோயாளியும் நம்பர் வரிசைல நிக்காங்க. அக்கா 4418. மேல இருக்கது 4417. இந்த இடத்த நான் சரிபாத்திருக்கணும், எம்மேலயும் தப்பு."

"யாரு அது?"

"எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அக்காகூட ஒரே வாரத்துல சேந்தவங்களா இருக்கும். அவங்க பக்கத்துல தெனமும் ஒரு பொம்பளப் புள்ள இருக்கா. அதத்தான் நம்ம அக்கா வாங்கிட்டிருக்காங்க. மனநிலையும் அங்கருந்துதான்." பெனிட்டா குரலைத் தாழ்த்தினாள். "அக்காகிட்டச் சொல்லி, பாஸ்வேர்டு போட்டு, எல்லா வரிசையிலயும் உங்க பேர ஏத்திருவோம். அரை மணி நேர வேலை."

சமையலறையில் உலகம்மை யாருக்கோ தோசை சுடுகிற சந்தோஷத்தில் இருந்தாள். கோமதிநாயகம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் தாயி" என்றார்.

"அண்ணாச்சி!"

"நான் அவகூட இருந்தது எனக்குத் தெரியும்லா? அது போதும். இருபத்தஞ்சு வருஷம் கோயில் கோயிலாப் போனா, கிடைக்கல. எந்தப் புண்ணியவதி புள்ளயோ தெனமும் வந்துட்டுப் போறா. இதுல யாருக்கு என்ன நட்டம்?"

"இது அக்காவோட நினைவு. நீங்களும் நானும் முடிவு பண்ண முடியாது."

"ஒரு மாசம் குடு. அதுக்குள்ள நானே சொல்லுதேன்."

பெனிட்டா அரைமனதாகப் போனாள். அன்று மாலை ஏழு மணிக்கு கோமதிநாயகம் தாளைத் திறந்தார். உடன் இருந்தவர் என்ற கட்டம் வந்ததும் கை நின்றது. இதுவரை பழக்கத்தில் போட்டது, இனிமேல் தெரிந்து போட வேண்டியது. மேற்படி என்று அடித்தார். தன் பெயரைத் தானே கோடு கிழித்து நீக்கியதைப் போல இருந்தது. மறுநாளும் அடித்தார். அதற்கு மறுநாளும்.

உலகம்மை நாளுக்கு நாள் சிறுமியைப் பற்றி அதிகம் பேசினாள், கணவரிடம் குறைவாகப் பேசினாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், "என்ன இன்னைக்கு அதிசயமா?" என்பாள். அவர் சிரித்து மழுப்புவார். தான் செய்வது தியாகமா, ஏமாற்றா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டும்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

மாதம் முடிவதற்குள் பெனிட்டாவே வந்து நின்றாள், ஒரு வியாழக்கிழமை மதியம். முகம் செத்திருந்தது.

"அண்ணாச்சி, இனி தள்ளிப்போட முடியாது. ஆஸ்பத்திரியில தரவு பாக்கவங்ககிட்ட, ஆள் பேரு சொல்லாம, மேற்படியால இப்படி ஒரு கோளாறு வருதுன்னு சொன்னேன். அவங்க தேடிப் பாத்துட்டாங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "4417 எறந்து மூணு வாரம் ஆச்சு."

"மூணு வாரமா? நேத்துகூட அந்தப் புள்ள வந்தான்னு சொன்னாளே!"

"அதான். ஆளு இல்ல. ஆனா தெனமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வரிசை மட்டும் வந்துட்டே இருக்கு. அந்தப் புள்ளதான் எழுதுது. பத்து வயசு. பேரு ரிஸ்வானா. ஹாஸ்டல்ல படிக்கா, ஹாஸ்டல் கம்ப்யூட்டர்ல உக்காந்து எழுதி அனுப்பிட்டிருக்கா. அவ வாப்பாவுக்கே தெரியல. வர்ற திங்கக்கிழமை அந்தச் சாவிய வெட்டிருவாங்க."

"யாரு எறந்தது?"

கேட்டது உலகம்மை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை. இறந்தது அந்தச் சிறுமியின் தாய் என்பது முதல் பெனிட்டா எல்லாவற்றையும் சொன்னாள். மேற்படியைச் சொன்னாள், மேல் வரிசையைச் சொன்னாள், தெரிந்த பிறகும் அண்ணாச்சி எழுதிக்கொண்டிருந்ததையும் சொன்னாள். கோமதிநாயகம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவனைப் போல உட்கார்ந்திருந்தார்.

உலகம்மை வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அவ என்னைய உம்மான்னு கூப்பிடுவா" என்றாள். "நம்ம வீட்டுல யாரு உம்மான்னு கூப்பிடப் போறா? அப்பவே எனக்கு உறுத்துச்சு. கேட்டா போயிருவாளோன்னு கேக்காம இருந்துட்டேன்."

பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"நீங்க என்ன மனுஷன்? என்னைய விட்டுட்டு எங்கயோ சுத்துதீங்க, நான் அலுத்துப்போயிட்டேன் போலன்னு ரெண்டு மாசமா வயிறெரிஞ்சு கெடந்தேன். எங்கூடவே இருந்துக்கிட்டு, இல்லன்னு எழுதிருக்கீங்க!"

"நீ சந்தோஷமா இருந்த உலகு."

"நீங்க இல்லாத சந்தோஷத்த உங்ககிட்ட நான் கேட்டனா?"

உலகம்மை மடிக்கணினியை இழுத்துத் தன் பக்கம் திருப்பினாள். பாஸ்வேர்டைத் தட்டினாள். கோமதிநாயகம் தானாகவே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒவ்வொரு வரிசையாக அவள் படித்துப் படித்து, உடன் இருந்தவர் கட்டத்தில் அவர் பெயரைச் சேர்த்தாள். கிட்டத்தட்ட அறுபது வரிசை. பொழுது சாய்ந்துவிட்டது.

"அக்கா, புள்ள பேர எடுத்துரணும். அது தப்பான நினைவு" என்றாள் பெனிட்டா மெதுவாக.

"எடுக்கலாம். அதுக்கு முந்தி நான் அவளப் பாக்கணும். செத்துப்போன உம்மாவுக்கு ஒரு புள்ள தெனமும் எழுதுது, அது பூராவும் எங்கிட்ட வந்திருக்கு. அடுத்த வீட்டுக் கடுதாசி நம்ம வீட்டுக்கு வந்தா கொண்டு குடுக்க மாட்டமா? ஆஸ்பத்திரியில சொல்லிக் கேளு. அவங்களுக்கு இஷ்டம்னா வரட்டும்."

அவளுக்கு அது மறுநாள் மறந்துவிடக்கூடாது என்பதற்காக, அன்றைய வரிசையை அவளே சொல்லச் சொல்ல கோமதிநாயகம் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வந்தார்கள். சிறுமியின் தகப்பன் காஜா மைதீன் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வாசலிலேயே தயங்கி நின்றார். "பாய், உள்ள வாங்க" என்று கோமதிநாயகம் கையைப் பிடித்து அழைத்து வந்தார். ரிஸ்வானா தகப்பனுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தாள். முன்பற்கள் இரண்டும் பெரிதாக இருந்தன. சிரிக்கவில்லை என்பதால் கண்கள் நன்றாகத் தெரிந்தன.

உலகம்மைக்கு எழுந்து போய் வாரி அணைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இரண்டு மாதமாகப் பார்த்துப் பழகிய முகம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு இவள் யாரோ ஒரு பொம்பளை. கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"எம்மேல கோவமா?" என்றாள் ரிஸ்வானா.

"எதுக்குத் தாயி கோவம்?"

"நான் பொய் எழுதுனேன்ல." சிறுமி தரையைப் பார்த்துக்கொண்டு கடகடவென்று சொன்னாள். "ஞாயித்துக்கிழமை மட்டும்தான் உம்மாட்ட போவேன். மத்த நாள்ல வாப்பா வேலைக்குப் போயிருவாங்க. யாரும் எழுதலன்னா உம்மா காலைல எந்திரிச்சு பயந்துருவாங்கன்னு நான் எழுதுனேன். உடன் இருந்தவர்னு கேட்டா எம்பேரு. மனநிலைன்னு கேட்டா சந்தோஷம். எனக்கு அழுக வந்தாலும் சந்தோஷம்னுதான் போடுவேன். இல்லாட்டி உம்மாவுக்கு அழுக வந்துரும்ல? உம்மா மவுத்தான பொறவும் எழுதுனேன். நிறுத்துனா உம்மாவுக்கு ஒண்ணும் இல்லாமப் போயிரும்னு நெனச்சேன். அது எங்க போகும்னு தெரியல."

காஜா மைதீன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எங்கிட்ட வந்துச்சு" என்றாள் உலகம்மை. "ஒண்ணு விடாம வந்துச்சு."

ரிஸ்வானா நிமிர்ந்தாள். இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தாள் என்பது கேட்ட விதத்திலேயே தெரிந்தது. "உம்மாவுக்கு அது பொய்யின்னு தெரிஞ்சிருக்குமா?"

டாக்டரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பெனிட்டாவால் முடியாது. பெற்ற தகப்பனாலும் முடியாது. பூமியில் ஒரே ஒருத்தியால்தான் முடியும்.

"தெரிஞ்சிருக்காது" என்றாள் உலகம்மை. "எனக்கே தெரியலையே. நீ எங்கூடத்தான் இருந்த. காய் நறுக்கும்போது பக்கத்துல உக்காந்திருந்த. ரோட்டக் கடக்கும்போது கையப் பிடிச்சிருந்த. காலைல எந்திரிச்சதும், நேத்து இவ எங்கூட இருந்தாளேன்னு நெஞ்சு நெறஞ்சிருக்கும். உங்க உம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். நீ இல்லாத ஒரு நாளுகூட உங்க உம்மாவுக்கு இல்ல."

சிறுமியின் உதடு கோணியது. உலகம்மை கையை நீட்டினாள். ரிஸ்வானா வந்து மடியில் முகம் புதைத்துக்கொண்டு, மூன்று வாரத்து அழுகையையும் அழுதாள். யாரும் தேற்றவில்லை. தேற்ற வேண்டாம் என்று உலகம்மை கண்ணைக் காட்டியிருந்தாள்.

காபி குடித்தார்கள். சிறுமி இரண்டு முறுக்கு தின்றாள். கிளம்புவதற்கு முன்னால், கோமதிநாயகம் தாளைத் திறந்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் எழுதவா?"

அவர் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார். ரிஸ்வானாவின் விரல்கள் அந்தக் கட்டங்களுக்குப் பழகியவை. தேதி போட்டாள், இடம் போட்டாள். உடன் இருந்தவர் கட்டத்தில் கோமதிநாயகம் மாமா, பெனிட்டா அக்கா, வாப்பா என்று எழுதி, கடைசியில் தன் பெயரைப் போட்டாள். மனநிலை வந்ததும் விரல் நின்றது. வழக்கமான வார்த்தையின் முதல் எழுத்தை அடித்துவிட்டு உலகம்மையைத் திரும்பிப் பார்த்தாள்.

"உனக்கு எப்படி இருக்கோ அதையே போடு" என்றாள் உலகம்மை.

"அப்புறம் உங்களுக்கு நாளைக்குக் காலைல..."

"தெரியும். போடு."

ரிஸ்வானா அந்த எழுத்தை அழித்தாள். கொஞ்சம் யோசித்து, "அழுகை" என்று அடித்தாள். உலகம்மை குனிந்து அதைப் படித்துப் பார்த்துவிட்டு, அனுப்பச் சொன்னாள்.